வேலை நேரத்தில் வந்து நிற்கும் அப்டேட்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று இந்தப் பக்கத்துச் சிறிய கந்தோர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. யார் கூப்பிட்டாலும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "தம்பி, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் நல்லா இருந்தது. இண்டைக்குக் காலமை ஓன் பண்ணினா அப்டேட் எண்டு நிக்குது. வெளியில சனம் நிக்குது." அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். உட்கிராமத்தில் இருந்து காலை பஸ்ஸைப் பிடித்து, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு ஒரு கடிதத்துக்காக வந்தவரிடம் "சிஸ்டம் வேலை செய்யேல்லை, நாளைக்கு வாங்கோ" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கவுண்டரில் இருக்கிற அக்காவின் பிழை அதில் எதுவும் இல்லை. ஏச்சு மட்டும் அவருக்கு.

அப்டேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கும் நேரம் நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொதுவானவை. மெனுவில் சில சொற்கள் இடம் மாறியிருக்கலாம். உங்கள் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம். ஆனால் அடுத்து வருவதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

முதலில் கலண்டரைப் பாருங்கள்

மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்குப் பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30. அவர்களின் குளிர்காலத்தில் 11.30. அந்த நேரம் கந்தோர் பூட்டிக் கிடக்கும். புதன் காலை எட்டரைக்கு எல்லாக் கணினியையும் போட்டதும், ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதமும் 9ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் வருகிற அந்தப் புதன்கிழமையைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டு வையுங்கள். அன்று இணையத்தில் ஏதாவது விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி இருந்தால், முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: வேலை செய்துகொண்டிருக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று போனால் ஆக்டிவ் அவர்ஸ் என்று ஒன்று இருக்கும். நாம் கணினியைப் பாவிக்கும் நேரம் எது என்று விண்டோஸுக்குச் சொல்லும் இடம் அது; அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் செய்யாது. அநேகமான கணினிகளில் அது தானியங்கியாக விடப்பட்டிருக்கும். அதைக் கைமுறைக்கு மாற்றி, காலை 7 முதல் இரவு 8 வரை என்று வையுங்கள். ஆகக்கூடியது 18 மணித்தியாலம் வைக்கலாம்.

அதே பக்கத்தில் ரீஸ்டார்ட் தேவைப்பட்டால் அறிவி என்ற சுவிட்சையும் போட்டுவிடுங்கள். "கெட் மீ அப் டு டேட்" என்பது போடப்பட்டிருந்தால் நிறுத்துங்கள். அது ஆக்டிவ் அவர்ஸைப் பொருட்படுத்தாமல் ரீஸ்டார்ட் செய்யப் பார்க்கும். வெளியே விண்டோஸ் அப்டேட் முதற்பக்கத்தில், புதிய அப்டேட் கிடைத்தவுடனே எடு என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. நல்லது என்று நினைத்துப் பலர் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கந்தோர்க் கணினிக்கு அது வேண்டாம். மாதக் கடைசியில் வருகிற முன்னோட்ட அப்டேட்டுகளைக்கூட அது இழுத்துவிடும்.

இது பாதி வேலைதான். மீதி என்னவென்றால், நாமே ஒரு நாள் குறித்துப் போட வேண்டும். நான் சொல்வது வியாழன் பின்னேரம் மூன்று மணி. கவுண்டர் மூடியிருக்கும். ஏதாவது பிழைத்தால் பார்க்க வெள்ளிக்கிழமை கையில் இருக்கும். வெள்ளிப் பின்னேரம் போட்டுவிட்டுப் போனால் அது திங்கள் காலைச் சனத்துக்கு முன்னால்தான் தெரியவரும்.

நாலைந்து கணினி இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டாம். வேலை குறைந்த ஒன்றுக்கு முதலில் போடுங்கள். மற்றவற்றில் பாஸ் அப்டேட்ஸ் என்பதை அழுத்தி ஒரு கிழமைக்குத் தள்ளி வையுங்கள். முதல் கணினியில் பிரிண்டர், கணக்கு மென்பொருள், கைரேகை வரவு இயந்திரம் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்கு விடலாம். பாஸ் அதிகபட்சம் ஐந்து கிழமை வரைக்கும் போகும். அதற்குப் பின் ஒருமுறை அப்டேட் செய்தால்தான் திரும்பவும் தள்ள விடும்.

அறிகுறி: டேட்டா பொதி மாத நடுவில் முடிந்துபோகிறது

ஃபைபர் லைன் இருக்கிற கந்தோருக்கு இது அவ்வளவு பெரிய விடயம் இல்லை. டொங்கிளிலும் நாலாம் தலைமுறை ரவுட்டரிலும் ஓடுகிற கந்தோர்களுக்கு இது பெரிய தலையிடி. மாதாந்த அப்டேட் ஒன்று சில நூறு மெகாபைட்டில் இருந்து ஒரு கிகாபைட்டுக்கு மேல் வரைக்கும் வரும். வருடாந்தப் பதிப்பு மாற்றம் என்றால் இன்னும் பல மடங்கு. அதை ஐந்து கணினி தனித்தனியாக இறக்கினால் பொதி தாங்காது.

வைஃபை இணைப்பின் விபரப் பக்கத்துக்குப் போய் மீட்டர்ட் கனெக்ஷன் என்ற சுவிட்சைப் போடுங்கள். போட்ட பிறகு விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காது; காத்திருக்கிறது என்று மட்டும் காட்டும். மிக அவசரமானவை சில அப்போதும் இறங்கலாம். இந்தச் சுவிட்ச் ஒவ்வொரு கணினிக்கும், ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. ரவுட்டரை மாற்றினால் திரும்பவும் போட வேண்டும். வன்டிரைவ் என்கிற மேகச் சேமிப்பும் அப்போது ஒத்திசைவை நிறுத்தும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

அடுத்தது டெலிவரி ஒப்டிமைசேஷன். அதுவும் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள்தான். ஒரு கணினி இறக்கியதைப் பக்கத்துக் கணினிகள் அதனிடம் இருந்தே எடுத்துக்கொள்ளும் வசதி இது. இதில் இரண்டு தெரிவுகள் இருக்கும்: நம் உள்ளூர் வலையமைப்பு மட்டும், அல்லது அதோடு இணையத்தில் உள்ள கணினிகளும். முதலாவதைத் தெரிவு செய்யுங்கள். இரண்டாவதில் இருந்தால், எங்கேயோ இருக்கிற யாருக்கோ உங்கள் டொங்கிளில் இருந்து அப்டேட் துண்டுகள் ஏறிக்கொண்டிருக்கும்.

இரவு நேரத்துக்கென்று தனி டேட்டா இருக்கிற பொதி எடுத்திருந்தால், ஒரு கணினியை மட்டும் இரவில் விட்டு இறக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். பின்னேரத்தில் இடியும் மின்னலும் தொடங்கினால் செருகியைக் கழற்றி வைக்கிற ஊர் இது. அந்த இரண்டு மாதமும் ஒரு லப்டொப்பில் பற்றரியோடு இறக்குவதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது, இப்போது சுற்றிக்கொண்டே நிற்கிறது

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனால் ஒரு மரக்கொப்பு கம்பியில் விழுந்தாலும் பாதி நாள் போய்விடும். அப்டேட்டைக் குழப்ப அரை நாள் தேவையில்லை, ஒரு நொடி கரண்ட் போனாலே போதும்.

கரண்ட் வந்து கணினியைப் போட்டதும், செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறது என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைக் கண்டு பயந்து பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தாதீர்கள். அது பழைய நிலைக்குப் போகிறது, அதுதான் நமக்கும் தேவை. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கலாம். பெட்டியின் முன்பக்கம் இருக்கிற டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. இரண்டு மூன்று மணித்தியாலம் திரையிலும் மாற்றம் இல்லை, விளக்கிலும் அசைவில்லை என்றால் மட்டும் நிறுத்திப் போடலாம்.

அதற்குப் பிறகும் உள்ளே போகாவிட்டால், விண்டோஸ் சின்னம் வரும்போது நிறுத்தி, திரும்பப் போட்டு, இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் நீலத்திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ். கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டை, அதாவது மாதாந்த அப்டேட்டை, எடுத்துவிடுங்கள். உங்கள் பைல்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பெரிய பதிப்பு மாற்றம் நடந்து பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரிக்கவரி பக்கத்தில் கோ பேக் என்று பழைய பதிப்புக்கே திரும்பலாம். பத்து நாள் போனால் அந்த வழி மூடிவிடும். ஆகவே டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அவசரப்பட்டு, விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையை அந்தப் பத்து நாளுக்குள் அழிக்காதீர்கள்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கந்தோர்களில் வாங்கி வைத்திருக்கிற 650 விஏ யூபிஎஸ், பைலைச் சேமித்துவிட்டுக் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கான சில நிமிடங்களைத் தரும். ஒரு அப்டேட்டை முடிக்க அது காணாது. பற்றரி பழையதென்றால் அந்த நிமிடங்களும் இல்லை.

அறிகுறி: திரையில் இருந்த பைல்கள் எல்லாம் காணவில்லை

இதுதான் ஆட்களை அழ வைக்கிற அறிகுறி. பதற வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் அழிந்திருக்காது. 2020 பெப்ரவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் சில கணினிகளில் தற்காலிகப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டது. திரை புதுக் கணினிபோல வெறுமையாக இருந்தது, பைல்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அதே மாதிரி இப்போதும் நடக்கிறது.

முதலில் புதிதாக எதையும் டெஸ்க்டொப்பில் சேமிக்காதீர்கள். தற்காலிகக் கணக்கில் சேமித்தது வெளியேறும்போது போய்விடும். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் போய், உங்கள் பெயரில் இருக்கிற கோப்புறையைத் திறந்து பாருங்கள். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ் இரண்டும் அங்கே இருக்கும். உடனே ஒரு பென்டிரைவில் கொப்பி எடுங்கள்.

அங்கேயும் டெஸ்க்டொப் வெறுமை என்றால் வன்டிரைவ் கோப்புறைக்குள் பாருங்கள். விண்டோஸ் 11 அமைக்கும்போது டெஸ்க்டொப்பை அதற்குள் மாற்றிவிடுவது வழக்கம். இலவசமாகக் கிடைப்பது 5 கிகாபைட் மட்டும்.

அறிகுறி: பிரிண்டர் பேசாமல் கிடக்கிறது

ஒரு கணினியில் செருகிய பிரிண்டரை மற்றக் கணினிகள் பகிர்ந்து பாவிக்கிற கந்தோர்களில்தான் இது அதிகம். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அதை அடைக்க வந்த அப்டேட்டுகள் பிரிண்டர் பகிர்வின் விதிகளையே மாற்றிவிட்டன. 11பி என்று முடிகிற பிழை எண் வந்தால் அந்த மாற்றத்தின் தொடர்ச்சிதான். ஒரு கணினி அப்டேட் ஆகி மற்றது ஆகாமல் இருக்கும்போது இது வரும். இரண்டையும் ஒரே நிலைக்கு அப்டேட் செய்தால் பல இடங்களில் சரியாகிவிடும். ரெஜிஸ்ட்ரி என்கிற விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில் ஒரு எண்ணை மாற்றிப் பாதுகாப்பைக் குறைக்கிற வழி ஒன்றைச் சிலர் சொல்லித் தருவார்கள், அதைச் செய்யாதீர்கள். பிரிண்டரில் வலையமைப்புக் கேபிள் செருகும் துளை இருந்தால் அதை நேராக ரவுட்டரில் செருகி, ஒவ்வொரு கணினியிலும் அதன் ஐபி முகவரி கொடுத்துச் சேருங்கள். பிறகு பகிர்வுத் தொல்லையே இல்லை.

அறிகுறி: தமிழ்க் கடிதம் குலைந்துவிட்டது

இரண்டு விதம் இருக்கிறது. கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அது பாமினியில் அடித்த கடிதம். எழுத்துரு இப்போதைய கணக்கில் இல்லை என்று அர்த்தம். 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து, எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் அது அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான் போகும். கணக்கு மாறினால் பாமினியும் இல்லை. எழுத்துருப் பைலில் வலது கிளிக் செய்து, எல்லாப் பயனருக்கும் நிறுவு என்பதைக் கொடுங்கள்.

எழுத்துகள் தமிழாகவே தெரிகின்றன, ஆனால் வரி தள்ளுப்பட்டு ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகிவிட்டது என்றால், அது லதா எழுத்துருவில் செய்த கடிதமாக இருக்கும். விண்டோஸ் 10இல் இருந்து லதாவும் விஜயாவும் அடிப்படைத் தொகுப்பில் இல்லை, நிர்மலா மட்டும்தான். புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் லதாவின் இடத்தை நிர்மலா பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் அகலம் வேறு. செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபொன்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் பழையபடி வரும். சிங்களக் கடிதங்களுக்கும் இதே கதைதான், அங்கே இஸ்கோல பொத.

அறிகுறி: நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் சாவி அது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் இப்படிக் கேட்கத் தொடங்கின. அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். நம் கந்தோர்களில் அந்தக் கணக்கு யாருடையது? நாலு வருடத்துக்கு முதல் இருந்து, இடமாற்றத்தில் போய்விட்ட உத்தியோகத்தருடைய சொந்த மின்னஞ்சல். அவருக்கு எடுத்து, அவர் தன் கணக்கில் நுழைந்து பார்த்துச் சொன்னால்தான் கதவு திறக்கும். சாவி கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது. நானும் இல்லை, கொழும்பில் இருக்கிற எவரும் இல்லை.

கணினி நல்லாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் சாவியை அச்செடுத்து, கணினியின் இலக்கத்தையும் எழுதி, இரும்பு அலுமாரியில் பைலுக்குள் வையுங்கள். இடமாற்றத்தில் போகிறவர் பொறுப்புகளைக் கையளிக்கும் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

அறிகுறி: எந்த இணையத்தளமும் பாதுகாப்பில்லை என்று சொல்கிறது

அப்டேட்டை விடுங்கள், கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில், உள்ளே மதர்போர்ட் பலகையில் இருக்கிற, 2032 என்று இலக்கமிட்ட நாணயம் போன்ற பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அதனால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று காட்டும், அப்டேட்டும் மறுக்கும். பற்றரி பெரிய செலவில்லை. மாற்றுங்கள், திகதியைச் சரி செய்யுங்கள்.

அறிகுறி: அப்டேட்டே வருவதில்லை

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த அப்டேட் நிறுத்தி. இப்படியான மென்பொருளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற கந்தோர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். 2017 மே 12இல் வன்னாக்ரை என்ற தீம்பொருள் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டிருந்தவர்களுக்கு அந்த ஓட்டை வழியாக ஒன்றும் நடக்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பதிவேடு ஒரே ஒரு கணினியில் இருக்கிறதென்றால், அது போனால் எங்கே இருந்து திரும்ப எடுப்பது? நிறுத்தியைக் கழற்றிவிட்டு மேலே சொன்ன ஆக்டிவ் அவர்ஸ், பாஸ் இரண்டையும் பாவியுங்கள்.

மற்றது, விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் புரொசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திட்டங்கள் வழியாக வந்த கணினிகள் அநேகமாக அதற்குள் வராது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை உண்டு. நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டொலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பாகும். அந்தக் காசுக்கு வேறு வழி பார்க்கலாம். கடிதம் அடிப்பதும் இணையத்தில் படிவம் நிரப்புவதும் மட்டும் செய்கிற கணினி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருள் இருந்தால், அந்தக் கணினியை இணையத்தில் இருந்து கழற்றி வையுங்கள்.

அறிகுறி: எல்லாம் சாம்பல் நிறம், எதையும் மாற்ற விடுவதில்லை

சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று மேலே எழுதியிருக்கும். தலைமைக் காரியாலயம் எங்கேயோ இருந்து ஒரே விதியை எல்லாக் கிளைக்கும் வைத்திருக்கிறது. கிளையில் இருந்து எந்தப் பட்டனும் வேலை செய்யாது. இங்கே பிழை நீக்குவது கணினியில் இல்லை, கடிதத்தில்.

"அப்டேட் தொல்லை தருகிறது" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் கவுண்டர் நின்றது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று ஒரு மாதம் கொப்பி ஒன்றில் குறித்து, அதை இணையுங்கள். பிறகு நேராக இவற்றைக் கேளுங்கள். இவை எல்லாம் நிர்வாகியின் கையில் ஏற்கெனவே இருக்கிற அமைப்புகள்தான்:

"எமது கிளைக்கான கட்டாய ரீஸ்டார்ட் கால எல்லையை ஏழு நாட்களாக வைத்து, அதற்கு மேல் இரண்டு நாள் சலுகைக் காலம் தரவும். ஆக்டிவ் அவர்ஸை காலை 7 முதல் இரவு 8 வரை அமைக்கவும். டெலிவரி ஒப்டிமைசேஷனை உள்ளூர் வலையமைப்புக்கு மட்டும் அனுமதிக்கவும். புதிய அப்டேட்டை எமது கிளையில் முதலில் ஒரு கணினிக்கு அனுப்பி, ஒரு கிழமையின் பின் மற்றவற்றுக்கு அனுப்பவும்."

கால எல்லை 30 நாள் வரைக்கும், சலுகைக் காலம் 7 நாள் வரைக்கும் போகலாம். நாம் கேட்பது அதற்குள்தான். கடைசிக் கோரிக்கைக்கு மறுப்பு வந்தால் 2024 ஜூலை 19ஐ நினைவுபடுத்துங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்று எல்லோருக்கும் ஒரேயடியாகப் போய், உலகில் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. அவற்றில் பலவற்றுக்குப் பக்கத்தில் ஆள் போய் நின்றுதான் திருத்த வேண்டியிருந்தது. தலைமைக் காரியாலயத்தில் இருந்து முல்லைத்தீவுக் கிளைக்கு அப்படி ஒரு ஆளை அனுப்ப எத்தனை நாள் எடுக்கும் என்ற கேள்வியையும் கடிதத்தில் எழுதுங்கள். கையொப்பத்தோடு ஒரு பிரதியை உங்கள் பைலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.